நூறு லீற்றர் கடலுக்கு எத்தனை மீன்?

மகளின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு "என்ன வேணும் குஞ்சு?" என்று கேட்டது என்ர பிழைதான். "நீமோவும் டோரியும்" என்றாள். பொம்மை இல்லையாம், உயிரோட வேணுமாம். பூம்ப்ளிசில் எங்கட மூன்றரை அறை வாடகை வீட்டுக்குள் கடல் வந்த கதை அப்படித்தான் தொடங்கினது.

வாங்கின தொட்டி 60 சென்ரிமீற்றர் நீளம், 40 அகலம், 40 உயரம். கணக்குக்கு 96 லீற்றர். கல்லும் மணலும் போட்ட பிறகு தண்ணீர் எண்பது லீற்றர்கூட வராது. சின்னத் தொட்டி சுகம் என்றுதான் நானும் நினைத்தேன். உண்மையில் பெரிய தொட்டி எங்கட பிழைகளைப் பொறுக்கும், சின்னது பொறுக்காது. தண்ணீர் ஆவியாகப் போகும், உப்புப் போகாது. அதனால் ஒவ்வொரு நாளும் வடிகட்டின நல்ல தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும், இல்லையென்றால் உப்பு ஏறிக்கொண்டே போகும். தொடக்கத்தில் மீனே விடக்கூடாது. மீனின் கழிவில் வரும் அமோனியாவைத் தின்கிற பக்ரீரியா கல்லில் வளர்ந்து நிலைக்கவே நாலு, ஆறு கிழமை எடுக்கும். பிள்ளை ஆறு கிழமை வெறும் கல்லைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவளின் பொறுமை எனக்கு இருக்கவில்லை.

மீன் வாங்கப் போன அன்று அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா மயிலிட்டிக்காரர். இருபது வயது மட்டும் கடலுக்குப் போனவர். 1990 ஆனியில் ஊர் முழுக்க இடம்பெயர்ந்தபோது அவர் ஏற்கெனவே இங்க, ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு இருந்தார். மயிலிட்டித் துறைமுகத்தை மக்களிடம் திருப்பிக் குடுத்தது 2017 ஆடியில்தான்.

கடையில் ஒரு தொட்டிக்கு முன்னால் அப்பா நின்றுவிட்டார். விரல் நீளத்தில் நீல மீன், உடம்பில் நீட்டுக்குக் கறுப்புக் கோடு. கீழே சீட்டில் வந்த இடம் 'சிறீலங்கா' என்று போட்டிருந்தது. "பார்ப் பக்கம் முங்கினா இதைக் கண்டிருக்கிறன் பிள்ளை" என்றார். அப்பா எதையும் வாங்கித் தா என்று கேட்கிற ஆள் இல்லை. நான் வேறொன்றும் யோசிக்காமல் வாங்கினேன். மற்ற மீன்களைச் சுத்தமாக வைத்திருக்கும் என்றும் கடையில் சொன்னார்கள்.

அதை இங்கே 'புட்ஸர்' என்பார்கள், துப்புரவு மீன். பெரிய மீன்களின் தோலிலும் செவுளிலும் ஒட்டியிருக்கிற ஒட்டுண்ணிகளைப் பிடுங்கித் தின்பதுதான் அதன் சீவியம். கடலில் ஒரு மீன் ஒரு நாளைக்குச் சுமார் 1200 ஒட்டுண்ணி தின்னும் என்று அவுஸ்திரேலியாவில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். எங்கட தொட்டியில் அப்போது வேறு மீனே இல்லை! உறையவைத்த இறாலை வாயில் எடுத்துத் துப்பும். ஐந்தாம் கிழமை வயிறு ஒட்டிச் செத்துப்போனது.

"அம்மா, அதுக்குப் பசிச்சதா?" என்று மகள் கேட்டாள். "ஓம்" என்றுதான் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம். அப்பா ஒன்றும் பேசவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ட்ராமுக்கு நடந்தார்.

வாங்க முதல் வாசிக்க வேண்டியதைப் பிறகு வாசித்தேன். இந்த மீனைப் பற்றி உலகத்திலேயே அதிகம் ஆராய்ந்தவர்களில் ஒருவர் இங்கிருந்து ஒரு மணித்தியாலம்கூட இல்லாத நொய்ஷாத்தல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார், பேராசிரியர் ரெடுவான் ப்ஷாரி. வேறு மீன்கள் பார்த்துக்கொண்டு இருந்தால் புட்ஸர் களவு செய்யாமல் ஒழுங்காக வேலை செய்யும் என்று 2006இல் அவரும் இன்னொருவரும் காட்டினார்கள். அப்படியான மூளை உள்ள மீனைத்தான் நான் ஒரு பெட்டிக்குள் தனியே விட்டிருந்தேன்.

இலங்கையில் இருந்து அழகுக் கடல்மீன் ஏற்றுமதி 1930களிலேயே தொடங்கிவிட்டது. இன்றைக்கும் கிழக்குக் கரையில் சுழியோடிகள் இதை நம்பிச் சீவிக்கிறார்கள். அவர்களின் தொழிலை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் 'எங்கட கடல் மீன்' என்ற ஆசை ஒரு மீனை வாங்கக் காரணம் ஆகாது.

இரண்டாவது முறை மகள்தான் கேள்வி கேட்டாள். கொப்பியில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்: இது எவ்வளவு பெரிசா வரும்? என்ன சாப்பிடும்? கடலில் பிடிச்சதா, தொட்டியில் பிறந்ததா? ஆரோட சண்டை பிடிக்கும்?

முதல் கேள்வியிலேயே டோரி போய்விட்டது. அது 30 சென்ரிமீற்றர் வரை வளரும், ஓடித் திரிகிற சாதி. எங்கட தொட்டியின் பாதி நீளம்! கொஞ்சம் அழுதாள். மண்டரின் மீன் வடிவோ வடிவு. ஆனால் கல்லில் ஊருகிற கண்ணுக்குத் தெரியாத பூச்சியைத்தான் தின்னும், இவ்வளவு சின்னத் தொட்டியில் அது கெதியில் முடிந்துவிடும். புட்ஸரின் கதைதான் திரும்பவும். மலிவான நீல டாம்செல் மீன்கள் சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் சரியான சண்டைக்காரர். பிறகு வருகிற எல்லாரையும் மூலைக்குள் கலைக்கும்.

நீமோ மிஞ்சினது. கோமாளி மீன் தொட்டியிலேயே பெருகும், அப்படிப் பிறந்த குஞ்சுகளைக் கேட்டு வாங்கலாம். அதற்கு அனிமோன் கட்டாயம் இல்லை. புதுத் தொட்டியில் அனிமோன் வைத்தால் அதுதான் முதலில் சாகும். இரண்டு சின்னக் குஞ்சுகளாக எடுத்தால் பெரியது பெண்ணாக மாறும். பிறக்கும்போது எல்லாம் ஆண்தான். இதை மகள் வகுப்பில் சொல்லப்போய் ரீச்சர் எனக்குப் போன் எடுத்தது வேறு கதை.

மூன்றாவதாக ஒரு மஞ்சள் கோபி, அதோடு ஒரு வெடி இறால். கோபியை முதலில் விட்டோம், இடம்பிடிக்கிற கோமாளியைக் கடைசியில். அவ்வளவுதான், மூன்று மீன். "நாலாவது?" என்று இப்பவும் கேட்கிறாள். இல்லை.

சுவிஸ் சட்டமும் கொஞ்சம் கைகொடுக்கும். பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் மிருகம் விற்க முடியாது, மீனும் அதற்குள் அடக்கம். வளர்ப்பு முறையைக் கடை எழுத்தில் தரவேண்டும். கேட்டு வாங்குங்கோ. நாலு பக்கமும் ஆட்கள் பார்க்கிற மாதிரித் தொட்டி வைக்கக்கூடாது, அதனால் எங்களுடையது சுவரோடு இருக்கிறது. தண்ணீர் கீழ்வீட்டுக்கு ஒழுகினால் காப்புறுதி குடுக்குமா என்று முதலே கேட்டு வையுங்கோ.

அப்பா இரண்டு மாதம் தொட்டிப் பக்கம் வரவில்லை. போன ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையை இழுத்துக்கொண்டு போய் முன்னால் இருந்தார். வெடி இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. அது வளை தோண்டும், கோபி வாசலில் காவல் நிற்கும், இறால் தன் மீசையைக் கோபியின் மேல் வைத்துக்கொண்டே மண் அள்ளும். கோபி வாலை ஆட்டினால் இரண்டும் உள்ளுக்குள்.

"இவர் அணியத்தில நிக்கிற ஆள்" என்று அப்பா கோபியைக் காட்டினார்.

"அணியம் எண்டா என்ன அம்மப்பா?"

"வள்ளத்தின்ர முன்பக்கம் பிள்ளை. இரு, கொப்பியக் கொண்டு வா, கீறிக் காட்டுறன்."