கரைக்கும் படகுக்கும் நடுவே

ஏரியில் படகுச் சவாரிக்கு வரும் சக்கர நாற்காலிப் பயணி ஒருவரின் பயணம் முறிவது பெரும்பாலும் கடைசி இரண்டடியில்தான். வண்டி நிறுத்துமிடம், சீட்டு வழங்கும் சாளரம், நுழைவாயில் ஆகிய அனைத்தையும் கடந்து வந்தவரைப் படகுத்துறையின் விளிம்புக்கும் படகின் தளத்துக்கும் நடுவேயுள்ள சிறு இடைவெளி நிறுத்திவிடுகிறது. கரை அசைவதில்லை, படகோ அலைக்கு ஆடுகிறது, ஆள் ஏற ஏறத் தாழ்கிறது, நீர்மட்டம் மாறும்போது அதனுடன் ஏறி இறங்குகிறது. அசையாத கட்டடங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சாய்தள விதிகள் இவ்விடத்தில் தடுமாறுவதில் வியப்பில்லை.

சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தின் அடிப்படைக் கணக்கு 1:12 என்னும் விகிதமாகும். அதாவது ஓரடி உயரத்தை எட்டப் பன்னிரண்டடி நீளம் வேண்டும், அதைவிடச் செங்குத்தானால் தாமே கைகளால் சக்கரத்தை உருட்டிச் செல்பவருக்கு ஏறுவது மிகக் கடினமானதாகவும் இறங்குவது ஆபத்தானதாகவும் ஆகிவிடும். 1863-இல் வேர் லெவிஞ்ச் உருவாக்கிய கொடைக்கானல் ஏரியைப் போல ஊருக்கு நடுவே அமைந்த ஏரிகளில் நீர்மட்டம் பெரிதும் மாறுவதில்லை என்பதால் இக்கணக்கை நிறைவேற்றுவது எளிது. தேக்கடியின் நிலை வேறு. அங்கே படகு செல்லும் நீர்ப்பரப்பு 1895-இல் முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தேக்கமாதலால், உச்ச நீதிமன்றம் 2014-இல் அனுமதித்த 142 அடி வரை மழைக்காலத்தில் உயரவும், கோடையில் வெகுவாகக் கீழிறங்கவும் அதனால் முடியும். மட்டம் 30 அடி இறங்குவதாகக் கொண்டால், நடுநடுவே இளைப்பாறும் சமதளங்களைச் சேர்க்காமலேயே 360 அடி நீளச் சாய்தளம் தேவைப்படும். நீர்த்தேக்கக் கரைகளில் படிக்கட்டே வழக்கமாகிவிட்டதற்குக் காரணம் இதுதான். ஆனால் நீர் எங்கே நின்றாலும் ஏதேனும் ஒரு படி துறையாகிவிடும் அந்த வசதி கால்களுக்கு மட்டுமே உரியது.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட தீர்வு மிதவைத் துறை. காற்றடைத்த பெரும் பெட்டிகளின்மேல் பலகையோ கான்கிரீட்டோ பரப்பி அமைக்கப்படும் இத்துறை நீருடன் சேர்ந்தே ஏறி இறங்குவதால், அதற்கும் படகுக்கும் இடையிலான உயர வேறுபாடு ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். கரையையும் மிதவையையும் இணைக்கும் நடைபாலம் கரைப்பக்கம் கீல் பூட்டப்பட்டு, மறுமுனை மிதவையின்மேல் உருளும்படி அமைந்திருக்கும். ஆகவே நீர் தாழத் தாழ அதன் சாய்வு கூடும். அமெரிக்காவின் 2010-ஆம் ஆண்டு அணுகல்தன்மைத் தரநெறிகள் இவ்வுண்மையை மறைக்காமல் ஏற்று, பொழுதுபோக்குப் படகுத்துறைகளின் நடைபாலம் 80 அடி நீளம் இருந்துவிட்டால், நீர் தாழ்ந்த நாளில் சாய்வு 1:12-ஐ மீறினாலும் குற்றமில்லை என்கின்றன. நீரை ஆணையிட்டு நிறுத்த முடியாது என்று ஒப்புக்கொள்ளும் நேர்மையான விதி இது. எனினும் இன்றைய சாய்வு எவ்வளவு என்பதைச் சீட்டு வாங்குமுன்னே பயணிக்குச் சொல்லும் ஒரு கரும்பலகை இல்லாவிட்டால் அந்த நேர்மை பாதியில் நின்றுவிடும்.

நீரோரக் கட்டுமானங்களுக்குத் தொடர் பராமரிப்பும் இன்றியமையாதது. சென்னை மெரினாவில் 2022 நவம்பர் இறுதியில் திறக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதை, அடுத்த மாதமே வந்த மாண்டஸ் புயலில் சேதமுற்றது. பின்னர் அது சீரமைக்கப்பட்டது. கட்டும்போதே சீரமைப்புக்கான பணத்தை ஒதுக்காத திட்டம் திறப்பு விழாவோடு முடிந்துவிடும்.

துறை சரியாக இருந்தும் படகு சரியில்லாத இடங்கள் உண்டு. மிதிபடகு ஓரத்தில் எடை விழுந்ததுமே சாய்வதால் இருக்கைக்கு மாறுவதே கடினம். சமதளமுள்ள மோட்டார் படகே ஏற்றது. பிரிட்டனில் வீலிபோட் அறக்கட்டளை வழங்கும் படகுகளில் முன்பகுதியே கதவாகத் திறந்து சாய்தளமாக இறங்குவதால், நாற்காலியிலிருந்து எழாமலே உள்ளே உருட்டிச் செல்ல முடிகிறது. நம் ஊர்களிலோ பெரும்பாலும் ஆட்களே சாய்தளம். ஈரப் பலகைமேல் நின்றுகொண்டு, ஒருவர் அக்குளில் கைகொடுக்க, இன்னொருவர் முழங்காலுக்குக் கீழே பிடிக்க, பயணி காற்றில் தொங்கியபடி படகுக்குள் இறக்கப்படுகிறார். முதுகுத்தண்டில் அடிபட்டுக் கால்களில் உணர்விழந்தவருக்குப் படகின் விளிம்பில் தோல் உராய்ந்ததுகூட அப்போது தெரியாது. வீடு சென்றபின் புண்ணாகத்தான் தெரியும். உதவுவோரின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை, ஆனால் மின்கலங்களுடன் நூறு கிலோவைத் தாண்டும் மின்சார நாற்காலியை எந்த நல்லெண்ணமும் தூக்கிவிடாது.

அனுமதி மறுக்கப்படும்போது சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் பாதுகாப்பு. 2009 செப்டம்பர் 30-இல் தேக்கடியில் 'ஜலகன்யகா' படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை நினைப்பவர் இக்காரணத்தை எளிதில் தள்ளிவிட மாட்டார். ஆயினும் எடை உயரத்தில் குவிவதும் ஒரே பக்கம் சேர்வதுமே படகின் நிலைத்தன்மையைக் குலைப்பவை. கீழ்த்தளத்தின் நடுப்பகுதியில், சக்கரங்கள் தளத்தோடு பிணைக்கப்பட்ட நாற்காலியில் ஓரிடத்தில் அமர்ந்திருப்பவர், காட்டு யானையைக் காண ஓரத்துக்கு ஓடும் கூட்டத்தைவிடப் படகுக்கு நல்லவர். உண்மையான ஆபத்து வேறோரிடத்தில் இருக்கிறது: பேருந்தில் செய்வதுபோல ஆளை நாற்காலியோடு சேர்த்து வார்ப்பட்டையால் கட்டிவிட்டால், கவிழும்போது நாற்காலி அவரையும் நீருக்குள் இழுத்துச் செல்லும். ஆகவே பிணைக்க வேண்டியது நாற்காலியை மட்டுமே. பயணிக்கு வேண்டியது, கழுத்தைத் தாங்கி முகத்தை மேல்நோக்கித் திருப்பும் கழுத்துப்பட்டை கொண்ட உயிர்காப்பு அங்கி.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்பதோடு, அரசும் தனியாரும் வழங்கும் பொதுச் சேவைகள் தடையின்றி அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அதன்கீழ் வந்த விதியொன்றோ தரநெறிகளைப் பரிந்துரைகளாகவே விட்டுவைத்திருந்தது. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் அவ்விதி சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, கட்டாயமான குறைந்தபட்சத் தரங்களை வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது. அத்தரங்களில் படகுத்துறைக்கும் ஓரிடம் வேண்டும்.

சக்கர நாற்காலி இச்சிக்கலின் ஒரு முகம் மட்டுமே. பார்வையற்றவருக்குத் துறையின் விளிம்பைக் காலால் உணர்த்தும் புடைப்புத் தரை தேவை. காதுகேளாதவருக்கு ஒலிபெருக்கியில் சொல்லப்படும் எச்சரிக்கை எழுத்திலும் தெரிய வேண்டும். கரையில் அகன்ற கதவுள்ள கழிப்பறை இல்லாவிட்டால் ஒன்றரை மணி நேரச் சவாரியை ஒருவர் தொடங்கவே துணியமாட்டார்.

இவையெல்லாம் அமைந்தபின்னும் கவனிக்கப்படாமல் போவது படகின் பக்கச் சுவர். நாற்காலியில் அமர்ந்தவரின் கண் தளத்திலிருந்து ஏறத்தாழ 115 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க, பல படகுகளில் பலகை அடைத்த கைப்பிடிச் சுவர் அதே உயரம்வரை எழுந்து நிற்பதால், அரும்பாடுபட்டு ஏறியவர் மற்றவர்கள் கரையைச் சுட்டிக்காட்டி மகிழும் நேரமெல்லாம் வண்ணம் பூசிய பலகையையே பார்த்துக்கொண்டு திரும்ப நேர்கிறது. அந்தப் பலகைக்குப் பதிலாக மெல்லிய கம்பிகளைப் பொருத்த ஒரு பட்டறைக்கு ஓரிரு நாள் வேலை போதும்.