கால்விரலில் சிக்கிய சட்டை

பாம்பு சட்டை உரிக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பல்லியும் உரிக்கும் என்றால் பலர் நம்புவதில்லை. பல்லியின் சட்டையை யாரும் கண்டெடுத்ததில்லையே! கண்டெடுப்பது கஷ்டம்தான். உரித்த கையோடு பல்லி பெரும்பாலும் அதைத் தின்றுவிடுகிறது.

இந்தக் காட்சியை அருகிலிருந்து பார்க்கக் கொடுத்துவைத்தவர்கள் சிறுத்தைப் பல்லி வளர்ப்பவர்கள். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட பாறை நிலங்கள் இதன் சொந்த ஊர். 1854இல் எட்வர்ட் ப்ளைத் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் தலைமுறை தலைமுறையாகப் பெருகிவருகிறது. நம் வீட்டுப் பல்லிக்கு இல்லாத கண்ணிமை இதற்கு உண்டு. சுவரில் ஒட்டும் பாதம் கிடையாது, வெறும் நகம்தான்.

உரிக்கும் நாள் நெருங்கும்போது மஞ்சள் உடம்பும் கரும்புள்ளிகளும் மங்கி, சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துப்போகும். உள்ளே புதுத் தோல் தயாராகிவிட்டது. பழையதற்கும் புதியதற்கும் நடுவே ஒரு திரவம் ஊறி இரண்டையும் பிரித்துக்கொண்டிருக்கிறது. பிறகு பல்லி மூக்கைக் கல்லில் தேய்க்கும். முகத்தருகே தோல் கிழிந்ததும் வாயால் கவ்வி, காலுறை கழற்றுவதுபோல ஒவ்வொரு காலாக உருவி, மென்று விழுங்கும்.

சிக்கல் வருவது விரல்நுனி, வால்நுனி, இமையோரம் ஆகிய இடங்களில். பாலைநிலத்துப் பிராணி என்று சொல்லித் தொட்டியில் ஈரமே காட்டாமல் வளர்ப்பவர்கள் உண்டு. ஆனால் பாலைநிலத்திலும் அது பகலெல்லாம் பதுங்குவது பாறையிடுக்கில். அங்கே காற்று வெளியில் இருப்பதைவிட ஈரமானது. தொட்டிக்குள் அப்படி ஓர் இடுக்கு இல்லையென்றால் தோல் பாதியில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். விரலில் நின்ற துண்டு சுருங்கி வளையமாகும். அடுத்த உரிப்பில் அதன்மேல் இன்னொரு வளையம். கழற்ற முடியாத மோதிரம் இறுக்கியதுபோல் ரத்தம் ஓடாமல் விரல் வீங்கி, கறுத்து, உதிர்ந்துவிடும். வால் போனால் திரும்ப வளரும். விரல் போனால் போனதுதான்.

இதைப் பார்த்துப் பதறி, காய்ந்த தோலைப் பிடித்துப் பிய்ப்பவர்களால்தான் பல காயங்கள் ஏற்படுகின்றன. அடியில் இருக்கும் புதுத்தோல் மெல்லியது. அதுவும் சேர்ந்து கிழிந்து, இளஞ்சிவப்பாய் ஈரம் கசியும். செய்ய வேண்டியது வேறு. அகலமான டப்பாவில் பாதம் மட்டும் நனையும் அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, கால் மணி நேரம் அதில் நிற்கவிட வேண்டும். பிறகு நனைத்த பஞ்சுக்குச்சியை விரல்மேல் மெதுவாக உருட்டினால் தோல் தானே சுருண்டு வரும். வராவிட்டால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இமையில் ஒட்டியதை மட்டும் வீட்டில் தொடக் கூடாது. அது மருத்துவர் வேலை.

தோல் கிழிந்தே விட்டதா? முதலில் தொட்டியிலிருந்து மணலை எடுத்துவிட்டு டிஷ்யூ தாள் விரிக்க வேண்டும். ஈரப் புண்ணில் மணல் அப்பிக்கொள்ளும். உணவுக்காக விட்ட பூச்சிகளையும் அப்புறப்படுத்துவது நல்லது. பசித்த சிள்வண்டு தூங்கும் பல்லியின் புண்ணையே கொறிக்கும். காயத்தை மருந்துக்கடையில் கிடைக்கும் சலைனால் கழுவி, பால் சேர்க்காத இளந்தேநீர் நிறத்துக்கு நீர்த்த போவிடோன் அயோடினைத் தொட்டு வைக்கலாம். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம். அவை கிருமியோடு புதிதாக முளைக்கும் திசுவையும் சேர்த்துக் கொல்லும். நம் கை தானாகத் தேடும் மஞ்சள்தூளும் வேண்டாம். அது புண்ணில் கட்டிக்கொண்டு அடியில் நடப்பதை மறைத்துவிடும். களிம்பு போட்டால் மருத்துவர் சொன்னதை மெல்லியதாகத் தடவ வேண்டும். லிடோகெயின், பென்சோகெயின் என்று வலி மரப்பு மருந்து கலந்த களிம்பு ஊர்வனவற்றுக்கு ஆபத்து.

இத்தனைக்கும் மேல் ஒரு மருந்து உண்டு: வெப்பம். பல்லியின் உடற்சூடு சுற்றுப்புறத்தை நம்பியிருப்பதால் குளிரில் அதன் எதிர்ப்புச் சக்தியும் மந்தமாகும். 1975இல் அமெரிக்காவில் மேத்யூ க்ளூகரும் சகாக்களும் பாலைவன இகுவானாக்களுக்குக் கிருமித்தொற்று ஏற்படுத்தி, 34 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை வெவ்வேறு சூட்டில் வைத்துப் பார்த்தார்கள். சூடான இடத்தில் இருந்தவையே அதிகம் பிழைத்தன. அதற்காகச் சிறுத்தைப் பல்லியை 42 டிகிரியில் வாட்டிவிடக் கூடாது. தொட்டியின் ஒரு பக்கத் தரை 32 டிகிரி அளவில் இருந்தால் போதும். வேண்டும்போது அதுவே போய்ப் படுத்துக்கொள்ளும்.

மருத்துவரிடம் ஓட வேண்டிய அறிகுறிகள் சில: விரல் கறுப்பது, வீங்குவது, தீனியை மறுப்பது. கட்டி தென்பட்டாலும் காத்திருக்கக் கூடாது. ஊர்வனவற்றின் சீழ் நம்முடையதுபோல் வழிந்தோடாது. பாலாடைக்கட்டிபோல் கெட்டியாக உள்ளே உறைந்திருக்கும். மேலே பூசும் களிம்பு அதைக் கரைக்காது. கீறித்தான் எடுக்க வேண்டும்.

சின்னக் கீறல் ஆறிவிடும். ஆனால் அடுத்த உரிப்பில் தழும்பு இருக்கும் இடத்துத் தோல்தான் கடைசிவரை ஒட்டி நிற்கும். அதனால் பல்லி வெளுக்கத் தொடங்கியதுமே வளர்ப்பவர்கள் மூடிய டப்பா ஒன்றில் நுழைவாசல் வெட்டி, உள்ளே ஈரப் பாசியோ நனைத்த டிஷ்யூவோ போட்டுத் தொட்டியின் சூடான பக்கம் வைக்கிறார்கள். உரித்து முடித்த மறுநாள் டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்து விரல்களை எண்ணுகிறார்கள், காலுக்கு 5 வீதம் மொத்தம் 20.