மூணு மாசச் சம்பளம் எங்க போச்சு? ஸ்லாட் மெஷின் சொல்லித்தர்ற கணக்கு



2025 ஜூலை. ஐடிஆர் சீசன். சிதம்பரத்துல இருந்து தினமும் பஸ்ல கடலூருக்கு வேலைக்கு வர்ற ஒரு தம்பி நம்ம ஆபீஸுக்கு வந்தார். 27 வயசு, இன்ஜினியர், கைக்கு வர்ற சம்பளம் 62,000. அவர் கேட்டது ஒரே கேள்வி.

"சார், ஆன்லைன் ரம்மி ஜெயிச்சதுல 12,000 டிடிஎஸ் பிடிச்சிருக்காங்க. ஆனா மொத்தமா பார்த்தா எனக்கு நஷ்டம்தான். ரீஃபண்ட் வருமா?"

"எவ்வளவு நஷ்டம் தம்பி?"

"ஒரு இருபது, இருபத்தஞ்சாயிரம் இருக்கும் சார்."

பேங்க் ஸ்டேட்மென்ட்டை வாங்கி, ஒரு வருஷத்துக் கணக்கை ரெண்டு பேரும் உட்கார்ந்து கூட்டினோம். (அவர் அனுமதியோடதான் எழுதுறேன். அடையாளம் தெரியிற விவரங்களை மாத்தியிருக்கேன்.)

முதல் ஆப்: நிகர லாபம் 40,000. டிடிஎஸ் போக கைக்கு வந்தது 28,000.
ரெண்டாவது ஆப்: போட்டது 3,00,000. எடுத்தது 86,000. நஷ்டம் 2,14,000.
மொத்தத்துல கையை விட்டுப் போனது 1,86,000.

சரியா மூணு மாசச் சம்பளம்! தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

ரீஃபண்ட் ஏன் வராது?

அப்ப நடைமுறையில இருந்த வருமான வரிச் சட்டத்துல ஆன்லைன் கேம் வருமானத்துக்குன்னே தனிப் பிரிவு இருந்துச்சு, 115பிபிஜே. நிகர வெற்றித் தொகைக்கு நேரா 30 சதவீதம் வரி. ஒரு ஆப்ல வந்த நஷ்டத்தை இன்னொரு ஆப்ல வந்த லாபத்தோட கழிக்க முடியாது. அடுத்த வருஷத்துக்கும் கொண்டுபோக முடியாது. ஆக 40,000-க்கு வரி 12,000, அதுக்கு மேல 4 சதவீத செஸ் 480. ரீஃபண்ட் கேட்டு வந்தவர் கூட 480 கட்டிட்டுப் போனார்.

ஆனா என்னை யோசிக்க வெச்சது வரி இல்ல. கணக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு இன்ஜினியர், 1,86,000 நஷ்டத்தை எப்படி 25,000-ன்னு நம்பினார்? அவர் என்கிட்ட பொய் சொல்லல. அவருக்கு நிஜமாவே அப்படித்தான் ஞாபகம் இருந்துச்சு.

இதுக்குப் பதில் ஸ்லாட் மெஷின்ல இருக்கு.

மெஷின் எப்படி வேலை செய்யுது?

நம்ம ஊர்ல ஸ்லாட் மெஷின் கிடையாது. கோவாவுல 1992-ல சட்டத்தைத் திருத்தி ஃபைவ் ஸ்டார் ஹோட்டல்கள்ல அனுமதிச்சாங்க. ஆபீஸ் டூர் போனவங்க பார்த்திருப்பீங்க. அதுல மூணு தந்திரம் இருக்கு.

ஒண்ணு, எப்ப விழும்னு தெரியாத பரிசு. ஸ்கின்னர்ங்கிற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வெச்சு சோதனை பண்ணினார். இத்தனை கொத்துக்கு ஒரு தடவை தீனின்னு நிச்சயமா கொடுத்தா, புறா சாப்பிட்டு கொஞ்சம் ஓய்வெடுக்குது. எப்ப வரும்னே தெரியாம கொடுத்தா, நிறுத்தாம கொத்திக்கிட்டே இருக்கு. மாசச் சம்பளம் நிச்சயமான தீனி. அடுத்த ஸ்பின், அடுத்த டேபிள் எல்லாம் ரெண்டாவது வகை.

ரெண்டு, "ஜஸ்ட் மிஸ்". 1984-ல அமெரிக்காவுல இங்கே டெல்னஸ் என்பவர் ஒரு பேட்டன்ட் வாங்கினார். கண்ணுக்குத் தெரியிற சக்கரத்துல எல்லாப் படத்துக்கும் ஒரே வாய்ப்பு இருக்கிற மாதிரி தோணும். ஆனா எது நிக்கணும்னு உள்ள கம்ப்யூட்டர் வேறொரு பெரிய பட்டியல்ல இருந்துதான் எடுக்குது. அந்தப் பட்டியல்ல ஜாக்பாட்டுக்கு எண் ரொம்பக் கம்மி. அதுக்கு மேலயும் கீழயும் இருக்கிற காலி இடத்துக்கு நிறைய எண் கொடுக்கலாம். அப்ப ஜாக்பாட் படம் கோட்டுக்கு ஒரு படி தள்ளியே அடிக்கடி நிக்கும். "அய்யோ, போயிடுச்சே"ன்னு இன்னொரு தடவை அழுத்துவோம்.

மூணு, வெற்றி வேஷம் போட்ட நஷ்டம். 20 ரூபா கட்டுறீங்க, 8 ரூபா திரும்ப வருது. 12 ரூபா போச்சு. ஆனா மெஷின் லைட் போட்டு, மியூசிக் அடிச்சு உங்களைக் கொண்டாடும். இந்த மாதிரி நஷ்டத்துலயும் உடம்பு, ஜெயிச்ச மாதிரியே பரபரப்பாகுதுன்னு கனடாவோட வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல அளந்து காட்டினாங்க.

தம்பியோட ஞாபகம் எப்படித் தப்பாச்சுன்னு இப்பப் புரியுதா? 5,000 ஜெயிச்சது ஸ்க்ரீன்ஷாட்டா போன்ல இருக்கு. 500, 500-ஆ போன யுபிஐ எதுவும் மனசுல நிக்கல. பஸ் ஆலப்பாக்கம் தாண்டறதுக்குள்ள நாலு தடவை பணம் போட்ட நாளும் ஸ்டேட்மென்ட்ல இருக்கு.

94 சதவீதம் திரும்பக் கிடைக்கும்னா?

ஒரு மெஷின் 94 சதவீதம் திருப்பித் தருதுன்னு வெச்சுக்கோங்க. 1,000 கொண்டுபோனா 940 மிஞ்சும்னு தோணும். ஆனா யாரும் 940-ஓட எழுந்து போறதில்ல, அதையே திரும்பப் போடுறாங்க. பத்து சுத்து அப்படிப் போட்டா சராசரியா மிஞ்சுறது 539 ரூபாதான். 10 ரூபா வீதம் மணிக்கு 600 ஸ்பின்னா 6,000 ரூபா பந்தயம், எதிர்பார்க்கிற நஷ்டம் 360. மெஷினுக்கு உங்களை ஏமாத்த வேண்டிய அவசியமே இல்ல. நீங்க எழுந்திரிக்காம இருந்தா போதும்.

ரம்மி அப்படியில்ல, அது திறமை விளையாட்டுன்னு சொல்வீங்க. சென்னை உயர்நீதிமன்றமும் 2023 நவம்பர்ல அப்படித்தான் சொல்லுச்சு. ஆனா அதைச் சுத்தி இருக்கிற போனஸ், ஒரே நொடியில அடுத்த டேபிள், ஒரு சீட்டுல போன ஆட்டம் எல்லாமே ஸ்லாட் வழிதான். அதனாலதான் தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில விதி கொண்டுவந்தப்ப நேரத்துக்கே பூட்டு போட்டுச்சு: நள்ளிரவு 12-ல இருந்து காலை 5 வரை பணம் கட்டி ஆடக் கூடாது. ஜூன்ல உயர்நீதிமன்றமும் அதை ஏத்துக்கிச்சு. ஆகஸ்ட்ல பணம் கட்டி ஆடுற ஆன்லைன் கேம்களையே தடை பண்ணி நாடாளுமன்றம் சட்டம் போட்டுச்சு.

தடை வந்தாச்சே, பிரச்சினை முடிஞ்சுதான்னு கேட்டா, இல்ல. டெலிகிராம் லிங்க்ல வர்ற வெளிநாட்டு ஆப் இருக்கு. எக்ஸ்பைரி நாள்ல ஆப்ஷன் வாங்குற பழக்கமும் இருக்கு. அது சட்டப்படி சரிதான், ஆனா அதே "ஜஸ்ட் மிஸ்", அதே "இன்னும் ஒரு தடவை". 2024-25-ல எஃப் அண்ட் ஓ பண்ணின தனிநபர்கள்ல 91 சதவீதம் பேருக்கு நிகர நஷ்டம்னு செபி ஆய்வே சொல்லுது.

என்ன பண்ணலாம்?

"மனசைக் கட்டுப்படுத்து"ன்னு நான் சொல்ல மாட்டேன். மனசைக் கட்ட விடாம இருக்கணும்னுதான் அந்த டிசைனே. பணம் போற வழியைக் கட்டுங்க.

1. கடந்த 12 மாச ஸ்டேட்மென்ட்டை எடுத்து, போனது ஒரு பக்கம், வந்தது ஒரு பக்கம்னு கூட்டுங்க. ஞாபகத்தை நம்பாதீங்க.
2. சம்பளம் வர்ற அக்கவுண்ட்ல யுபிஐ வேண்டாம். செலவுக்குத் தனி அக்கவுண்ட் வெச்சு வாரா வாரம் மாத்துங்க.
3. ஆர்டி, எஸ்ஐபி, வாடகை எல்லாம் சம்பளம் வந்த மறுநாளே போகட்டும்.
4. விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்காதீங்க. லோன் ஆப் பக்கமே போகாதீங்க.
5. கூட்டின தொகையை வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது காட்டுங்க. நிறுத்த முடியலன்னா 14416-க்கு போன் போடுங்க. அது அரசோட டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம்.

அந்தத் தம்பி ரெண்டாவதையும் அஞ்சாவதையும் அந்த வாரமே பண்ணிட்டார். அக்காகிட்ட ஸ்டேட்மென்ட்டைக் காட்டினாராம். "திட்டுவாங்கன்னு நினைச்சேன் சார், மொத்தத்தையும் அவங்களும் ஒரு தடவை கூட்டிப் பார்த்தாங்க, அவ்வளவுதான்"னார். போன 1,86,000 திரும்ப வராது. ஆனா அடுத்த மாசச் சம்பளம் முழுசா அவர் கையில இருந்துச்சு.

இன்னைக்கு ராத்திரி ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி, உங்க ஸ்டேட்மென்ட்டையும் ஒரு தடவை கூட்டிப் பாருங்க. அடுத்த பதிவுல பார்ப்போம்.