இதய அறுவைக்குப் பின் புகை: மருத்துவமும் மார்க்கமும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நெடுங்காலம் உழைத்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், இதய அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய மூன்றாம் வாரத்தில் அவரை நோய் விசாரிக்கச் சென்றிருந்தேன். இருமும்போதெல்லாம் மார்போடு ஒரு தலையணையை அணைத்துக்கொண்டார். வீட்டார் உள்ளே சென்றதும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஹஜ்ரத், அடைப்பைத்தான் சரிசெய்தாயிற்றே! இனி நாளைக்கு ஒன்றோ இரண்டோ பிடித்தால் என்ன? மார்க்கத்தில் அது மக்ரூஹ்தானே?"

இந்த வினா அவருடையது மட்டுமன்று. இதில் மருத்துவம் பற்றிய தவறான எண்ணம் ஒன்றும், ஃபிக்ஹு பற்றிய தவறான எண்ணம் ஒன்றும் பின்னிக் கிடக்கின்றன. இரண்டையும் தனித்தனியே பார்ப்போம்.

அம்பத்தூருக்கு அருகிலுள்ள பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில்தான், 1975ஆம் ஆண்டில் டாக்டர் கே.எம். செரியன் நம் நாட்டின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்தார். அன்று அரிய செய்தியாக இருந்தது, இன்று நம் தெருவுக்கு ஒருவர் செய்துகொண்ட சிகிச்சையாகிவிட்டது. பழகிப்போனதாலேயே அதன் எல்லையை நாம் மறந்துவிடுகிறோம். காலிலிருந்து எடுத்த சிரையையோ, மார்புச் சுவரின் உட்புறத் தமனியையோ கொண்டு, அடைபட்ட இடத்தைச் சுற்றி இரத்தத்திற்கு மாற்றுப் பாதை அமைப்பதே பைபாஸ். பழைய அடைப்பு அங்கேயே இருக்கிறது. அடைப்பை உண்டாக்கிய நோயும் உடலில்தான் இருக்கிறது. புகை, குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கி, இரத்தம் உறைவதைத் தூண்டுகிறது. பழைய தமனிக்குச் செய்ததைப் புதிய பாதைக்கும் அது செய்யும்.

1970களில் ஹாலந்தின் ரோட்டர்டாம் நகரில் பைபாஸ் செய்துகொண்டோரை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அறுவைக்குப் பின் புகையை விட்டவர்கள், விடாதவர்களைவிட நீண்ட காலம் வாழ்ந்தனர். மீண்டும் சிகிச்சை தேவைப்பட்டதும் அவர்களுள் குறைவு. "ஒன்றிரண்டு" என்ற சமாதானத்திற்கும் விடை உண்டு. நாள்தோறும் ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்குக்கூட, இருபது பிடிப்பவருக்குக் கூடுதலாக நேரும் இதய ஆபத்தில் ஏறத்தாழப் பாதி உண்டு என்பதை 2018இல் வெளிவந்த விரிவான ஆய்வு காட்டியது. இருபதில் ஒரு பங்கு புகைக்கு இருபதில் ஒரு பங்கு தீங்கு என்ற கணக்கு இதயத்திடம் செல்லாது. பீடி மென்மையானது என்பதும் வெறும் நம்பிக்கையே.

இனி மார்க்கம். புகையிலை முஸ்லிம் உலகை அடைந்தது ஹிஜ்ரீ பத்தாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமாகும். குர்ஆனிலோ ஹதீஸிலோ அதன் பெயர் இல்லாமையால் அறிஞர்கள் கருத்து வேறுபட்டனர். கெய்ரோவின் மாலிகீ அறிஞர்களான இப்ராஹீம் அல்லகானீ (ரஹ்) அதைக் கண்டித்து எழுதினார். அலீ அல்அஜ்ஹூரீ (ரஹ்) ஆகுமெனக் கொண்டு எழுதினார். ஹனஃபீ அறிஞரான திமிஷ்கின் அப்துல் கனீ அந்நாபுலுஸீ (ரஹ்) ஆகுமென்போரின் பக்கம் நின்றார். அவருடைய வாதத்தை இப்னு ஆபிதீன் (ரஹ்) தம் 'ரத்துல் முஹ்தா'ரில் எடுத்தாளுகிறார். சிலருக்குத் தீங்கு என்பதால் ஒரு பொருள் எல்லாருக்கும் விலக்கப்பட்டதாகாது. பித்தம் மிகுந்தவருக்குத் தேனும் தீங்குதான் என்பது அதன் சாரம்.

நண்பர் பற்றிக்கொண்டிருந்த சலுகையின் வேர் இதுவே. ஆனால் அந்த உவமையைச் சற்று ஊன்றிப் பாருங்கள். தேன் எல்லாருக்கும் விலக்கன்று என்று சொல்லும் வாதமே, அது யாருக்குத் தீங்கோ அவர் தவிர்க்க வேண்டும் என்பதையும் ஏற்றுக்கொண்டு நிற்கிறது. மார்பு பிளந்து தைக்கப்பட்டவரைவிடத் தீங்கு உறுதியானவர் யார்? அக்காலத்தில் அறியப்படாத தீங்கு இன்று ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது; ஆகவே இக்கால அறிஞர்களுள் பலர் பொதுவாகவே ஹராம் என்கின்றனர். அந்தப் பொது விவாதம் எப்படியிருப்பினும், இதய நோயாளியைப் பொறுத்தவரை ஆகுமென்போரின் வாதத்திலும் அவருக்கு இடமில்லை. தம்மைத் தாமே அழிவில் தள்ளிக்கொள்வதை அல்பகரா அத்தியாயத்தின் 195ஆம் வசனம் தடுக்கிறது. உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் அல்லவா?

இதைச் சொன்னபோது நண்பர் மறுக்கவில்லை. "முப்பதாண்டுப் பழக்கம், ஹஜ்ரத், முடியுமா?" என்று மட்டும் கேட்டார். உண்மையான வினா இதுதான்.

தவ்பாவுக்கு இமாம் நவவீ (ரஹ்) மூன்று நிபந்தனைகளைக் கூறுகிறார்: செயலை உடனே நிறுத்துதல், வருந்துதல், மீளுவதில்லை என உறுதிகொள்ளுதல். இவற்றுள் முதலாவதை மருத்துவமனையே நிறைவேற்றித் தந்துவிட்டது. நிகோடினை விட்டபின் வரும் தவிப்பு முதல் வாரத்தில்தான் கடுமை. அந்நாள்கள் பெரும்பாலும் மருத்துவமனையிலேயே கழிந்துவிட்டன. எஞ்சியிருப்பது பழக்கத்தின் இழுப்பு: தேநீர் குடித்தவுடன், உணவு முடிந்தவுடன், பேருந்துக்குக் காத்திருக்கையில். ஒவ்வோர் அலையும் சில நிமிடங்களே நீடிக்கும். அந்நேரத்தில் உளூச் செய்யலாம், தண்ணீர் அருந்தலாம், கைக்கும் வாய்க்கும் மிஸ்வாக்கைக் கொடுக்கலாம். ரமளானில் ஃபஜ்ரு முதல் மஃரிப் வரை புகையின்றி இருந்தவர், தம்மால் இயலாது என்று சொல்ல முடியாது. நிகோடின் சூயிங்கம் போன்றவற்றை மருத்துவரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும். 1800-11-2356 என்ற தேசிய இலவச ஆலோசனை எண்ணும் உள்ளது.

வீட்டாருக்கும் பங்குண்டு. அறுவைக்குப் பின் மனச்சோர்வு பலருக்கும் வருவது. அவ்வேளையில் ஏச்சு புகையை நோக்கியே தள்ளும். மகன் வீட்டுக்குள் புகைப்பதும் தந்தையின் இதயத்தைத் தாக்கும். ஒருநாள் தவறிவிட்டால், எல்லாம் போயிற்றென்று பெட்டி முழுவதையும் தீர்த்துவிடுவது ஷைத்தானின் கணக்கு. தவறியவர் மீண்டும் தவ்பாச் செய்கிறார், அவ்வாசல் அடைக்கப்படவில்லை.

மருத்துவர் பாதையமைத்தார், அதைத் தூய்மையாகக் காப்பது நம் கடன். வல்ல அல்லாஹ் நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவையும், கைவிட வேண்டியதைக் கைவிடும் உறுதியையும் அருள்வானாக! ஆமீன்.