பெட்ரோமாக்ஸ் விளக்கும் தோரியக் கதிரும்

மின்சாரம் ஊர்தோறும் புகுவதற்கு முன்னர், கொங்கு நாட்டில் இரவில் நிகழும் விசேஷம் எதுவாயினும் அதற்கு முதலில் அழைக்கப்பெறும் விருந்தாளி பெட்ரோமாக்ஸ் விளக்கேயாம். மாரியம்மன் நோம்பியில் கம்பத்தைச் சுற்றி இளைஞர் ஆடியதும், அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடுவோர் விடியுமட்டும் பாடியதும், கண்ணபுரத்துச் சந்தையில் காங்கயம் காளைகளுக்கு விலை பேசியதும், கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு முந்திய இரவுகளில் நம் சபையார் வீடு வீடாகச் சென்று கீதம் பாடியதும் அவ்விளக்கின் வெளிச்சத்திலேதான். 1932-ஆம் ஆண்டில் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிக் கோவை ஆலைகளுக்கு மின்விசை வந்த பின்னரும், கிராமங்களில் பல்லாண்டு காலம் இரவை ஆண்டது அதுவே. இன்று அது பரண்மேல் ஏறிவிட்டது. மணவிழாவுக்கு வாடகை விளக்குத் தேடிச் செல்வார் எவருமிலர்.

அவ்விளக்கின் நடுவே தொங்கும் வெண்ணிற வலையைக் குறித்தே யாம் இங்கு எழுதப் புகுந்தோம். மேண்டில் என்று எல்லாரும் அழைப்பது அதனையே. அவ்வலையினின்று நாம் கண்ட ஒளியேயன்றி, நாம் காணாத பிறிதொரு கதிரும் புறப்பட்டுக்கொண்டிருந்தது. விளக்கை அணைத்த பின்னும் அக்கதிர் அணையவில்லை. ஏற்றப்படாமலே காகித உறைக்குள் கிடந்தபோதும் அது ஓயவில்லை. பரண்மேல் பழைய மேண்டில் ஒன்று கிடக்குமாயின், இதனைப் படிக்கும் இந்நேரத்திலும் அது தன் தொழிலைச் செய்துகொண்டே இருக்கின்றது.

முதலில் விளக்கின் இயல்பைச் சிறிது காண்போம். அடித்தொட்டியில் உள்ள மண்ணெண்ணெயை (சீமெண்ணெய் என்பதே நம் நாட்டுப் பேச்சு) காற்றடித்து மேலே ஏற்றினால், அது சூடேறிய குழாயில் ஆவியாகி, காற்றோடு கலந்து நீல நிறமாக எரியும். அந்த நீலச் சுடரில் வெப்பம் மிகுதி, வெளிச்சமோ மிகக் குறைவு. வெப்பத்தை வெளிச்சமாக மாற்றிக் கொடுப்பதே மேண்டிலின் வேலை. ஆஸ்திரிய நாட்டு இரசாயன அறிஞர் கார்ல் ஔவர் ஃபான் வெல்ஸ்பாக் என்பவர், ஹைடல்பர்க் நகரில் புன்சன் என்னும் பேராசிரியரிடம் பயின்றவர், இதனைக் கண்டறிந்தார். 1885-ஆம் ஆண்டில் அவர் செய்த முதல் மேண்டில் பச்சை சாயலாக ஒளி வீசிற்று. எளிதில் உடைந்தும் போயிற்று. வாங்குவாரின்றி அவருடைய ஆலை மூடப்பட்டது. அவர் சோர்ந்தாரில்லை. 1891-இல் நூறு பங்கில் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியமும் ஒரு பங்கு சீரியமும் கலந்து மீண்டும் செய்தார். பால்போன்ற வெண்ணொளி கிடைத்தது. அந்தக் கலவையே உலகெங்கும் நிலைத்தது.

பருத்தி நூலாலோ செயற்கைப் பட்டாலோ பின்னிய சிறு பையைத் தோரிய நைட்ரேட் கரைசலில் தோய்த்து உலர்த்துவர். அதனை விளக்கில் கட்டி முதன்முதல் கொளுத்தும்போது நூல் முழுதும் எரிந்து போகின்றது. எஞ்சுவது நூலின் வடிவை அப்படியே காட்டி நிற்கும் தோரிய ஆக்ஸைடு. நாம் மேண்டில் என்று பார்ப்பது துணியன்று. துணி இருந்த இடத்தில் நிற்கும் சாம்பற் கூடு. விரல் பட்டால் உதிர்வது அதனாலேயே. இந்த ஆக்ஸைடு 3,000 பாகை வெப்பத்திலும் உருகாது. மேலும், பெற்ற வெப்பத்தைக் கண்ணுக்குப் புலப்படாத வெப்பக்கதிராக வீணே இறைத்து விடுவதுமில்லை. ஆகவே அது கடுஞ்சூடாகின்றது. உடனிருக்கும் சீரியம் அச்சூட்டைக் கண்காணும் ஒளியாக வெளியிடுகின்றது.

இங்கே ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். பெட்ரோமாக்ஸின் வெளிச்சம் கதிரியக்கத்தால் வருவதன்று; அது வெப்பத்தால் வருவது. தோரியத்தின் கதிரியக்கம் வெல்ஸ்பாக் வேண்டிக் கேட்டதுமன்று, அறிந்ததுமன்று. 1891-இல் கதிரியக்கம் என்னும் பொருளே உலகில் எவர்க்கும் தெரியாது. யுரேனியத்தினின்று கதிர் வருவதை பாரிஸ் நகரில் பெக்கரல் கண்டது 1896-இல். தோரியத்துக்கும் அப்பண்பு உண்டென்பதை ஜெர்மனியில் ஷ்மிட் என்பவரும் பிரான்சில் மேரி கியூரி அம்மையாரும் தனித்தனியே கண்டது 1898-இல். அதற்குள் ஐரோப்பிய நகர்களின் தெருக்களில் இலட்சக்கணக்கான மேண்டில்கள் எரிந்துகொண்டிருந்தன. புகைப்படத் தகடு ஒன்றை ஒளி புகாமல் கருங்காகிதத்தால் மூடி, அதன்மேல் மேண்டிலைப் பரப்பிப் பல நாள் இருட்டில் வைத்துப் பின் கழுவிப் பார்த்தால், வலையின் கண்கள் தகட்டில் பதிந்திருக்கக் காணலாம். தன் உருவத்தைத் தானே எழுதிக்கொள்ளும் துணி வேறு எங்கும் உண்டோ, யாம் அறியோம்.

நிற்க. இத்துணைத் தோரியம் எங்கிருந்து கிடைத்தது? தொடக்கத்தில் பிரேசில் நாட்டுக் கடற்கரை மணலே மூலமாக இருந்தது. பின்னர் நம் தென்கரைக்கு அந்த யோகம் வந்தது. வந்த விதம் விநோதமானது. திருவிதாங்கூரினின்று ஐரோப்பாவுக்குக் கயிறும் நாரும் கப்பலேறிச் சென்றன. அவற்றில் ஒட்டியிருந்த மணலை 1909-ஆம் ஆண்டில் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர் ஆராய்ந்து, அதில் மோனசைட் என்னும் தாது இருப்பதைக் கண்டார். பிறர் தட்டி எறிந்த மணலை ஒருவர் எடுத்துப் பார்த்தார், அவ்வளவே. மணலின் பிறப்பிடத்தைத் தேடி அவர் மணவாளக்குறிச்சிக்கே வந்து சேர்ந்தார். அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்து, 1956-இல் சென்னை இராச்சியத்தோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையூர் அது. கரிய இல்மனைட்டும் செந்நிறக் கார்னெட்டும் கலந்த அம்மணலில், தேன்நிறமாகத் தோன்றும் மணிகளே மோனசைட். அதில் நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பங்கு வரை தோரிய ஆக்ஸைடு உண்டு.

ஆக, நம் கடலோரத்து மணல் கப்பலேறி மேனாடு சென்று, அங்கே மேண்டிலாக உருப்பெற்று, பெர்லின் நகரத்து எரிக்-கிரேட்ஸ் கம்பெனியார் மாக்ஸ் கிரேட்ஸின் பெயர் விளங்கச் செய்த பெட்ரோமாக்ஸ் விளக்கிலும் அதனை ஒத்த பிற விளக்குகளிலும் தொங்கி, விலைக்குப் பண்டமாக நம்மிடமே திரும்பி வந்தது. நெய்தல் நிலத்து மணல் முல்லை நிலத்து மாட்டுச் சந்தையில் எரிவதற்கு உலகத்தைச் சுற்றி வர வேண்டியிருந்தது! சுதந்தரத்தின் பின் இந்த நிலை மாறிற்று. இந்திய அருமண் நிறுவனம் 1950-இல் தோன்றிற்று. ஆலுவாயில் மோனசைட்டைப் பிரிக்கும் ஆலையை 1952 டிசம்பரில் ஜவாஹர்லால் நேரு நாட்டுக்கு அர்ப்பணித்தார். 1955 முதல் பம்பாயை அடுத்த டிராம்பேயில் தோரிய நைட்ரேட் செய்து உள்நாட்டு மேண்டில் தொழிலுக்கும் வழங்கலாயினர்.

இனி அக்கதிரின் தன்மைக்கு வருவோம். மேண்டில் ஒன்றில் ஏறத்தாழக் கால் கிராம் தோரியம் இருக்கும். அதில் நொடிதோறும் சுமார் ஆயிரம் தோரிய அணுக்கள் சிதைகின்றன. சிதையும் ஒவ்வோர் அணுவும் ஆல்பாத் துகள் ஒன்றை வீசியெறிந்து வேறொரு தனிமமாகின்றது. அதுவும் நிலையாது, மற்றொன்றாகின்றது. இவ்வாறு பத்துப் படிகள் இறங்கி, முடிவில் ஈயமாகி அமைகின்றது. இடையில் ஒரு படியில் அது வாயு உருவம் எடுக்கின்றது. கனடா நாட்டு மக்கில் பல்கலைக்கழகத்தில் தோரியத்தை அளந்தபோது, அறைக்குள் காற்று அசைந்தால் அளவு மாறக் கண்டு வியந்தனர். காற்றோடு போவது ஒரு வாயுவே என்று ரதர்போர்டு தெளிந்தார். ஒரு நிமிஷத்துக்குள் அவ்வாயு பாதியாகக் குறைந்துவிடும் என்பதையும் அவர் அளந்தார். அவரும் சாடி என்பவரும் கூடி 1902-இல் வெளியிட்ட முடிவு, தனிமம் தனிமமாக மாறுகின்றது என்பதே.

கொங்கு நாட்டார்க்கு இச்செய்தி முற்றும் புதிதன்று என்று வேடிக்கையாகச் சொல்லலாம். காங்கயத்தை அடுத்த ஊதியூர் மலைக்குப் பொன்னூதி மலை என்றும் பெயருண்டு. கொங்கணச் சித்தர் அங்கே குகையில் அமர்ந்து, நெருப்பை ஊதி ஊதிப் பொன் செய்தார் என்பது ஊர்வழக்கு. இரசவாதம் என்று ஒருகாலத்தார் போற்றியும் ஒருகாலத்தார் நகைத்தும் வந்த உருமாற்றம், அம்மலையடிவாரத்துத் திருமணப் பந்தல்களில் தொங்கிய விளக்குக்குள்ளே மெய்யாகவே நடந்துகொண்டிருந்தது. அதற்கு ஊதுவாரும் வேண்டியதில்லை, நெருப்பும் வேண்டியதில்லை. கிடைப்பது மட்டும் பொன்னன்று, ஈயம்! அதற்கும் பொறுமை வேண்டும். ஒரு பிடி தோரியத்தில் பாதி மாறுவதற்கு ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டுகள் செல்லும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள் என்று கணிப்பர்.

இவ்வளவும் கேட்டார்க்கு, 'அவ்விளக்கடியில் அமர்ந்து படித்தவர்க்கும் பாடியவர்க்கும் தீங்கு நேர்ந்திருக்குமோ?' என்னும் ஐயம் எழுதல் இயல்பே. கதிர் என்ற சொல் செவிப்பட்ட அளவில் அஞ்சுவோர் இன்று பலர். நெல்லின் கதிரும் ஞாயிற்றின் கதிரும் ஒரே சொல்லால் வழங்கிய மொழியில், அச்சொல்லுக்கு இப்படி ஓர் அச்சம் வந்து ஒட்டிக்கொண்டது எமக்கு வருத்தமே. அளவு இன்னதென்று அறியாத அச்சம், அளவு இன்னதென்று அறியாத துணிவைப் போன்றே பயனற்றது. துணிவுக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1940-களின் முற்பகுதியில், வெல்ஸ்பாக் தொடங்கிய அதே ஔவர் கம்பெனியார் பெர்லினில் டோராமாட் என்ற பெயரால் தோரியம் கலந்த பற்பசையை விற்றனர். ஈறுக்கு வலிமை தரும் என்றனராம். நம் பாட்டனார் வேப்பங்குச்சியோடு நின்றது நன்றாயிற்று.

வீட்டுப் பொருளினின்று கதிர் தோன்றுவது மேண்டில் ஒன்றற்கே உரியதும் அன்று. காகிதம் ஒட்டும் பசைநாடாவைக் காற்று நீக்கிய பெட்டிக்குள் உரித்தால் எக்ஸ் கதிர் பிறக்கும் என்பதை 2008-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் காட்டினர். அக்கதிரால் ஒரு விரலின் எலும்பையும் படம் எடுத்தனர். (காற்றுள்ள இடத்தில் உரித்தால் அஃது எழாது; மாணவர் அஞ்ச வேண்டா.) மேட்டுப்பாளையத்து நேந்திரனை உண்கின்றோம். வாழைப்பழம் ஒன்றில் உள்ள பொட்டாசியத்தினின்று நொடிக்குப் பதினைந்து அணுக்கள் வரை சிதைகின்றன. வளர்ந்த மனிதர் உடலில் பொட்டாசியம் மட்டுமே நொடிக்கு ஏறத்தாழ 4,000 சிதைவுகளை உண்டாக்குகின்றது. எண்ணிக்கையை மட்டும் நோக்கின், விளக்கினுள் இருக்கும் தோரியத்தைவிட விளக்கடியில் அமர்ந்திருந்தவரே மிகுதியாகக் கதிர் வீசினார்!

ஆயினும் எண்ணிக்கை ஒன்றே முடிவு செய்வதன்று. ஆல்பாத் துகளை ஒரு தாள் தடுக்கும். நம் மேல்தோலும் தடுக்கும். ஆகையால் எட்ட இருந்து எரியும் மேண்டிலால் சொல்லத்தக்க கேடில்லை. அதன் பொடி மூச்சோடு நுரையீரலுள் சென்று தங்குமாயின் செய்தி வேறு. அங்கே தடுக்கும் தோலில்லை. துகள் அத்தனையும் மெல்லிய திசுவிலேயே பாய்ந்து முடியும். புதிய மேண்டில் முதன்முதல் எரியும்போது, தோரியத்தின் வழித்தோன்றல்களுள் எளிதில் ஆவியாகும் சில வெப்பத்தால் வெளியேறுகின்றன என்பதும் கண்டறிந்ததே. ஆகவே கவலைக்குரியவர் கூத்துப் பார்த்தவரல்லர். நாள்தோறும் பத்து விளக்குக்கு மேண்டில் கட்டி, உடைந்ததை வாயால் ஊதித் தள்ளி, அந்தக் கையோடு சோறுண்ட வாடகைக் கடைச் சிறுவர்களும், மேண்டில் ஆலைகளில் பையைத் தோய்த்துத் தைத்த தொழிலாளர்களுமே. அவர்களிடம் இதனைச் சொன்னார் எவருமிலர். உறையின்மேல் விளக்கின் படம் இருந்தது, எச்சரிக்கை இல்லை.

மணல் கிடக்கும் கரையில் வாழ்வார் நிலையையும் அறிதல் வேண்டும். அதே வகை மணல் பரந்துள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் ஏறக்குறைய 70,000 பேரைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்து, 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அம்மணலின் கதிரால் புற்றுநோய் மிகுந்ததாகத் தெரியவில்லை என்றனர். ஆனால் அது புறத்தேயிருந்து படும் கதிரைப் பற்றிய ஆராய்ச்சி. ஆலைக்குள் பொடியை முகர்ந்தவர்க்கு அதனை ஆறுதலாகக் காட்டுதல் பொருந்தாது.

1984-ஆம் ஆண்டில் வெளிவந்த 'வைதேகி காத்திருந்தாள்' என்னும் திரைப்படத்தில் மேண்டில் உடையும் காட்சியைத் தமிழ்நாட்டில் அறியாதார் இலர். கொங்கு மண்ணின் மைந்தரான கவுண்டமணி விளக்கின் நுட்பத்தை விளக்கிக்கொண்டிருக்கும்போதே, செந்தில் கைவைத்து மேண்டிலை உதிர்த்துவிடுகின்றார். நாம் சிரிக்கின்றோம். அவர் விரலில் ஒட்டியது இன்னதென்பதை அறிந்து மறுமுறை பார்ப்பவர், சிரித்தபின் 'கையைக் கழுவினாரா?' என்றும் கேட்பர்.

1990-களிலிருந்து மேனாட்டு விளக்குக் கம்பெனியார் பலர் தோரியத்தை விடுத்து, கதிரியக்கமில்லாத இட்ரியத்தால் மேண்டில் செய்கின்றனர். வெளிச்சம் சிறிது குறையும் என்பர். பழைய விளக்கை இன்றும் ஆசையோடு ஏற்றுவார்க்கு ஒன்று சொல்வோம். புதிய மேண்டிலை வெளிமுற்றத்தில் கொளுத்தி, முதற்புகை அடங்குமட்டும் எட்ட நிற்க. உடைந்ததை ஊதாமல், ஈரத் துணியால் ஒற்றி எடுத்துப் பையிலிட்டுக் கட்டுக. பின் கையைச் சோப்பிட்டுக் கழுவுக. உறை பிரியாத பழைய மேண்டில்கள் பரண்மேல் இருப்பின் அங்கேயே இருக்கலாம். குழந்தைகள் கைக்கெட்டும் இடத்திலும் உண்பொருள் வைக்கும் அலமாரியிலும் மட்டும் வைத்தல் ஆகாது.