இழுத்தால் போதுமா? நிறுத்த வேண்டாமா?

மதுரை மாட்டுத்தாவணிக்கு இன்று யாரும் மாடு வாங்கப் போவதில்லை. பஸ் ஏறத்தான் போகிறார்கள். 1999-ம் ஆண்டில் அங்கே பெரிய பஸ் நிலையம் திறக்கப்பட்டது. எம்.ஜி.ஆர். பெயர் சூட்டப்பட்டது. ஆனாலும் ஜனங்கள் வாயில் அது மாட்டுத்தாவணிதான்!

இந்தத் தாவணி பெண்கள் அணியும் தாவணி அல்ல. மாடுகளை வரிசையாகக் கட்டி வைக்கும் நீண்ட கயிறு. அந்தக் கயிற்றின் பெயரே மாட்டுச் சந்தைக்கும் பெயர் ஆயிற்று.

அந்தக் காலத்துக் குடும்பத்துக்கு வண்டி மாடு வாங்குவது லேசான காரியம் அல்ல. சித்திரைத் திருவிழாவுக்கு வீடே வண்டி ஏறும். கூண்டு வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, அதன் மேல் ஜமுக்காளம் விரிப்பார்கள். அரிசி, பருப்பு, பானை, சட்டி எல்லாம் ஏறும். அப்பத்தா முதல் கைக்குழந்தை வரை ஏறுவார்கள். மாடு மணிக்கு 4 கிலோ மீட்டர்தான் நடக்கும். உசிலம்பட்டிப் பக்கத்தில் இருந்து புறப்பட்டால் இரவு முழுவதும் பயணம்தான். வைகை மணலில் மாட்டை அவிழ்த்துக் கட்டி விட்டால், வண்டியே வீடு!

அந்த வீட்டை இழுக்கிற மாடு எப்படிப்பட்டது என்பதில்தான் எல்லோருடைய உயிரும் இருந்தது.

பல்லும் சுழியும்

வாங்குகிறவர் முதலில் பல்லைப் பார்ப்பார். இரண்டு பல் போட்டு இருந்தால் வயது இரண்டுக்கு மேல். எட்டுப் பல்லும் சேர்ந்து விட்டால் நாலுக்கு மேல். பிறகு குளம்பைப் பார்ப்பார். நடக்க விட்டுப் பார்ப்பார். சுழியும் பார்ப்பார். (சுழியா வண்டி இழுக்கிறது? ஆனால் அதைச் சொன்னால் தரகருக்குக் கோபம் வரும்!) விலை பேசுவது துண்டுக்கு அடியில். விரலைப் பிடித்தே பேரம் முடிந்து விடும்.

பாரம் இழுக்கக் காங்கயம் காளைக்குப் பெயர் உண்டு. புலிக்குளம் காளை ஜல்லிக்கட்டில் சூரன். வாடிவாசலில் சீறிப் பாய்கிற காளையை அப்படியே கொண்டு வந்து கூண்டு வண்டியில் பூட்ட முடியுமா? குடும்பம் பள்ளத்தில் கிடக்கும்! வண்டிக்கு வேண்டியது நிதானம். ஜோடியும் ஒத்துப் போக வேண்டும். வலது மாடு வேகமாகவும் இடது மாடு மந்தமாகவும் நடந்தால் வண்டி ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும்.

கெட்டிக்கார விவசாயி இதோடு விட மாட்டார். வண்டியில் பாரம் ஏற்றி, இறக்கத்தில் ஓட்டிப் பார்ப்பார்.

மதுரையைச் சுற்றிச் சமவெளிதானே, இறக்கம் ஏது என்று கேட்கலாம். கண்மாய்க் கரை இருக்கிறது. வைகைக் கரை இருக்கிறது. தேனிக்குப் போனால் ஆண்டிபட்டிக் கணவாய் இருக்கிறது. மேட்டில் ஏறும்போது மாடு வண்டியை இழுக்கிறது. இறங்கும்போது வண்டி மாட்டைத் தள்ளுகிறது! அப்போது காலை ஊன்றி வண்டியைத் தாங்குகிற மாடுதான் வண்டி மாடு.

முன்பாரம், பின்பாரம்

வண்டிக்காரர்கள் வாயில் அடிக்கடி வரும் வார்த்தைகள் இவை. முன்னால் சுமை கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். பூட்டாங்கயிறு கழுத்தை நெரிக்கும். அதனால் வண்டிக்காரர் ஆட்களை இடம் மாற்றி உட்கார வைப்பார். "அப்பத்தா, கொஞ்சம் முன்னாலே நகருங்க!" என்பார்.

வெளிநாடுகளில் கார்களுக்குப் பின்னால் சிறு வீடு போன்ற டிரெய்லரை மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறார்கள். அங்கேயும் இதே கணக்குத்தான்! டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது காரின் கொக்கி மேல் அழுந்த வேண்டும் என்பது அமெரிக்கர் வழக்கம். பின்பாரம் ஏறினால் டிரெய்லர் வால் போல ஆடும். காரையும் சேர்த்துக் கவிழ்க்கும். டிரெய்லரின் எடை காரின் எடையில் நூற்றுக்கு 85 பங்கைத் தாண்டக் கூடாது என்று புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இங்கிலாந்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். இழுக்கிற வண்டி கனமாக இருந்தால்தான் பின்னால் வருவதை அடக்க முடியும்.

டிராக்டர் வந்தது

இப்போது மதுரைச் சீமையில் மாட்டின் இடத்தில் டிராக்டர் நிற்கிறது. வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை குதிரைச் சக்தி?" என்பதுதான். "எவ்வளவு இழுக்கும்?" என்பது இரண்டாவது கேள்வி. எவ்வளவு பாரத்தோடு நிற்கும் என்று கேட்பவர் சிலரே.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 குதிரைச் சக்தி டிராக்டரின் எடை சுமார் 2 டன். செங்கல் ஒன்று சுமார் 3 கிலோ. டிரெய்லரில் 2,000 செங்கல் ஏற்றினால் 6 டன் ஆகிறது. அதாவது, தன்னைப் போல மூன்று மடங்கு சுமை டிராக்டரின் முதுகுக்குப் பின்னால்! பல டிரெய்லர்களுக்குச் சொந்தப் பிரேக் கிடையாது. கண்மாய்க் கரையில் இறங்கும்போது டிராக்டர் பிரேக் போட்டாலும் டிரெய்லர் கேட்காது. பின்னால் இருந்து தள்ளி, டிராக்டரைக் குறுக்கே திருப்பி விடும்.

டிராக்டரில் இடது சக்கரத்துக்கு ஒரு பிரேக், வலது சக்கரத்துக்கு ஒரு பிரேக். வயலில் சட்டென்று திரும்புவதற்காக அப்படி அமைத்து இருக்கிறார்கள். ரோட்டுக்கு வந்ததும் இரண்டு மிதிகளையும் கொண்டி போட்டு ஒன்றாகச் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் ஒன்றை மட்டும் மிதித்தால் ஒரு சக்கரம் மட்டும் நிற்கும். டிராக்டர் கவிழும்!

டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் கியரை எடுத்து விடும் பழக்கமும் சிலரிடம் இருக்கிறது. மிச்சமாவது சில ரூபாய். போவது?

20 பேர், 26 பேர்

2022 அக்டோபர் 1-ந் தேதி உத்தரப்பிரதேசத்தில் கான்பூர் அருகே கோவிலுக்குப் போய்த் திரும்பியவர்களின் டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்தது. குறைந்தது 26 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். 2024 பிப்ரவரி 24-ந் தேதி அதே மாநிலத்தில் காஸ்கஞ்ச் மாவட்டத்தில் கங்கையில் குளிக்கப் போனவர்களின் டிரெய்லரும் குளத்தில் விழுந்தது. 20 பேருக்கு மேல் பலி.

நெல்லும் எருவும் ஏற்றுவதற்கு உள்ளது அந்தப் பெட்டி. ஆட்களை ஏற்றச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. உட்கார இருக்கை இல்லை. அழகர்கோவிலுக்குக் கிடா வெட்டப் போகிற குடும்பம் வேன் பிடித்துக்கொண்டு போகட்டும். கிடாயும் அடுப்பு விறகும் வேண்டுமானால் டிரெய்லரில் வரட்டும்!

சுமை இழுக்க டிராக்டர் வாங்குகிறவர்கள் அந்தக் கால விவசாயியைப் போலச் செய்யலாம். டிரெய்லரில் வழக்கமாக ஏற்றும் பாரத்தில் பாதியை ஏற்றச் சொல்லுங்கள். பிரேக் உள்ள டிரெய்லராகவே கேளுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு சின்ன இறக்கத்தில், மெதுவாக ஓட்டி, நடுவில் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். டிரெய்லர் நெட்டித் தள்ளினால், அந்த ஜோடி வேண்டாம். பிறகு இறங்கிப் போய்க் கொக்கியைப் பாருங்கள். ஊசிக்குப் பூட்டு இருக்கிறதா? ஊசி முறிந்தாலும் டிரெய்லர் ஓடாமல் இருக்கச் சங்கிலி இருக்கிறதா? பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா?

மாட்டு வண்டிக்காரர் இரவில் புறப்படும் முன்பு இரண்டு சக்கரத்திலும் கடையாணியைத் தடவிப் பார்ப்பார். வண்டிக்கு அடியில் தொங்கும் அரிக்கன் விளக்கின் திரியைத் தூண்டி விடுவார். அதற்குப் பிறகுதான் மாட்டை அதட்டுவார்.