பழைய சீகோ 5: எதை மாத்தணும், எதை விட்டுடணும்

ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டங்கள்ல பல வீட்டு அலமாரியில ஓடாத ஒரு சீகோ 5 கிடக்கும். சவுதிக்கோ குவைத்துக்கோ வேலைக்குப் போன அம்மா, திரும்பி வரும்போது வாங்கிட்டு வந்ததா இருக்கும். அதுல நம்ம கையாலேயே என்னென்ன மாத்தலாம்னு பார்ப்போம். வாச்சைக் காப்பாத்துற பாகத்தை மாத்துங்க, அது எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்ற பாகத்தை விட்டுடுங்க. இதுதான் நான் சொல்ல வர்றது.

முதல்ல ஒரு சோதனை. 7009ங்கிற எண்ணுள்ள இயந்திரம் இருக்கிற வாச்சுக்கு சாவி கொடுக்க முடியாது. கை அசையிறதுலதான் அது முறுக்கேறும். அதனால பழுதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, அரை நிமிஷம் பக்கவாட்டுல மெதுவா ஆட்டிப் பாருங்க. ஓடினாலும் தொடர்ந்து கட்டிக்கிட்டு இருக்காதீங்க. எண்ணெய் காய்ஞ்சிருந்தா உள்ள தேயும்.

(காட்சி: பின்மூடி, மிக அருகில்)

அடுத்து, பின்மூடியைப் படிங்க. 7009 மாதிரி நாலு இலக்கம் இருக்கும். அதுதான் இயந்திரத்தோட எண். கடையில அதைச் சொன்னாத்தான் பொருத்தமான பாகம் கிடைக்கும். ஆறு இலக்கத் தொடர் எண் இருந்தா, முதல் இலக்கம் வருஷத்தோட கடைசி இலக்கம், ரெண்டாவது மாசம். 83ன்னு தொடங்கினா, 8ல முடியிற வருஷத்து மார்ச். 7009ன்னா அது 1978 இல்லாட்டி 1988.

இப்ப மாத்துற வேலை. நுவரெலியா 1868 மீட்டர் உயரத்துல இருக்கு. கைச்சூட்டுல இருந்த வாச்சைக் கழட்டிக் குளிர்ல வச்சா, உள்ள இருக்கிற ஈரக்காத்து கண்ணாடிக்கு அடியில நீராப் படியும். சாவித் தண்டு துருப்பிடிக்கிறது அதாலதான். ஈரம் உள்ள போறது பின்மூடியில இருக்கிற ரப்பர் வளையம் காய்ஞ்சு போறதால. பல வருஷம் போனா அது தார் மாதிரி ஒட்டும், இல்லாட்டி தொட்டதும் நொறுங்கும். அதனால விலை குறைஞ்ச இந்த வளையத்தைத்தான் முதல்ல மாத்தணும். பழசு இழுபட்டிருக்கும், அதை அளக்காதீங்க. அது உட்கார்ந்திருந்த பள்ளத்தை மரக்குச்சியால சுத்தம் பண்ணி, அந்தப் பள்ளத்தை அளந்து வாங்குங்க. சிலிக்கன் கிரீஸை லேசாத் தடவி உட்கார வைங்க.

ரெண்டாவது, கண்ணாடி. நகத்தால தட்டுங்க. மந்தமாச் சத்தம் வந்தா பிளாஸ்டிக், கீறலைத் தேய்ச்சே போக்கலாம். கணீர்னு கேட்டா கண்ணாடி, ஆழமான கீறல்னா மாத்தத்தான் வேணும்.

மூணாவது, சாவியும் தண்டும். தண்டைக் கழட்ட, உள்ள ஒரு சின்னக் குழியை அழுத்தணும். மெல்ல அழுத்தி, மெல்ல இழுங்க. பலமா அழுத்தினா உள்ள இருக்கிற நெம்பி விலகிடும், அப்புறம் டயலையே கழட்ட வேண்டி வரும்.

(காட்சி: டயலில் நாள் காட்டும் சன்னல்)

இந்தச் சன்னலைப் பாருங்க. கிழமை ஆங்கிலத்துலயும் இருக்கு, அரபுலயும் இருக்கு. வளைகுடாக் கடைகளுக்காக அடிச்ச சக்கரம் இது. இதை எடுத்துட்டு வேற சக்கரம் போட்டா வாச் ஓடும். ஆனா, யாரோ ஒரு அம்மா வேற வீட்டுல உழைச்ச வருஷங்களுக்கு வாச்சுல இருக்கிற ஒரே அடையாளம் போயிடும். மங்கின டயலுக்குப் புதுசா பெயிண்ட் அடிக்கிறதும் அப்படித்தான். டயல், முள், கிழமைச் சக்கரம் மூணையும் விட்டுடுங்க.

இயந்திரத்தைக் கழுவி எண்ணெய் போடுறதை, அனுபவமுள்ள திருத்துறவர்கிட்ட கொடுங்க. நீங்களே பழகணும்னா, அதே எண்ணுள்ள ஒரு செத்த வாச்சை வாங்கிப் பழகுங்க. பாகம் தேவைப்பட்டாலும் அதுவே உதவும்.

ஒரு எச்சரிக்கை. 1960கள் வரைக்கும் வந்த, இருட்டுல ஒளிர்ற முள் உள்ள வாச்சைத் திறக்காதீங்க. அதுல ரேடியம் இருக்கலாம். ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு நிக்காது. அதோட அரை ஆயுள் 1600 வருஷம்.

கழட்டின பாகம் எதையும் எறியாம, பேரும் தேதியும் எழுதின பையில போட்டு வாச்சோடயே வைங்க. நாளைக்கு அதைத் திறக்கிறவருக்கு, எது அசல், எது நீங்க போட்டதுன்னு தெரியணும்.